பாரிச வாயுவும் பிராண வாயுவும்

எங்கள் கரைப் பகுதியில் ஒருவருக்குக் கை கால் விழுந்துவிட்டால், "அவருக்கு வாயு அடித்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். பக்கவாதத்திற்குப் பாரிச வாயு என்று பெயரிட்ட நம் முன்னோர்கள், உடலுக்குள் காற்று நிலை மாறுவதால் வரும் நோய் அது என்று எண்ணினார்கள். பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய நான், அதைப் பழைய நம்பிக்கை என்றே மாணவிகளுக்குச் சொல்லி வந்தேன். மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோதான் பக்கவாதம் வருகிறது, காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கரும்பலகையில் படம் வரைந்தும் காட்டியிருக்கிறேன். மெய்யாகவே காற்றால் வரும் பக்கவாதமும் ஒன்று உண்டு என்பதை, என் தம்பியின் வலக் கை விழுந்த பிறகே அறிந்துகொண்டேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாட்கள் யோசித்தேன். இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையால் யாருக்கும் பயனில்லை. எனவே உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

நாங்கள் மன்னார் வளைகுடாக் கரையைச் சேர்ந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குள் மூழ்குவதே தொழில். என் பாட்டனார் மர்ஹூம் அவர்கள் முத்துச் சலாபத்தில் குளித்தவர். இந்தக் கரையில் கடைசியாக 1961-இல் முத்துக்குளிப்பு நடந்தபோது அவர் நடுவயதைத் தாண்டியிருந்தார். அதன் பிறகு சங்கு குளிக்கப் போனார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் இறங்கி, அந்த மூச்சு தீருமுன் மேலே வந்துவிட வேண்டும். "மூச்சை அடக்கத் தெரிந்தவனுக்குக் கடல் வழிவிடும்" என்பார். சிறுவர்களான எங்களைக் கிணற்றடியில் உட்கார வைத்து, முகத்தை வாளித் தண்ணீரில் அமிழ்த்தச் சொல்லி, விரல் விட்டு எண்ணுவார். பெண் பிள்ளை என்பதால் எனக்குக் கடலில் வேலை இல்லை. ஆயினும் அந்தப் போட்டியில் என் தம்பிக்கு அடுத்தபடியாக நான்தான் வருவேன்.

என் பெரிய வாப்பாவின் காலத்தில் தொழில் மாறிவிட்டது. படகில் கம்ப்ரஸர் வைத்து, நீண்ட ரப்பர் குழாய் வழியாகக் கீழே காற்றை அனுப்பத் தொடங்கினார்கள். குழாயை வாயில் கவ்விக்கொண்டால், ஒரே மூச்சில் மேலே வர வேண்டிய அவசரமில்லை. மணிக்கணக்கில் அடித்தரையில் நடந்து சங்கு பொறுக்கலாம். வருமானமும் கூடியது. 1996-இல் ஒரு நாள் பெரிய வாப்பா கரைக்கு வந்ததும் சரிந்து விழுந்தார். இடப் பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிற்று. "பாரிச வாயு" என்றார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், புறாக் கறி கொடுத்தார்கள், ஓதிய தண்ணீரும் கொடுத்தார்கள். துஆவில் ஒரு குறையும் இல்லை. எங்கள் அறிவில்தான் குறை இருந்தது. அவர் பதினோரு ஆண்டுகள் கட்டிலிலேயே கிடந்து, அல்லாஹ்வின் நாட்டப்படி மறைந்தார். 41 வயதில் அவருக்கு ஏன் பக்கவாதம் வந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

என் தம்பியும் அதே தொழிலுக்குத்தான் போனான். 2017 பிப்ரவரியில் ஒரு காலை, சுமார் ஒன்பது மணிக்கு, 12 மீட்டர் ஆழத்தில் அவன் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது படகிலிருந்த என்ஜின் நின்றுவிட்டது. குழாயில் காற்று வரவில்லை. அப்போதுதான் ஒரு முழு மூச்சை இழுத்திருந்தான். அவன் பதறவில்லை. பாட்டனார் கற்றுக்கொடுத்தபடியே செய்தான். உதட்டை இறுக மூடி, இழுத்த மூச்சை நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு, கால்களை உதைத்து நேராக மேலே வந்தான். நீர் மட்டத்திற்கு வந்து படகின் விளிம்பைப் பிடித்தான். ஓரிரு நிமிடத்தில் நினைவிழந்து சாய்ந்தான்.

உடனிருந்தவர்கள் அவனைப் படகில் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் நினைவு திரும்பியது, ஆனால் வலக் கையும் காலும் அசையவில்லை, நாக்கு குழறியது. ஒருவர், "மறுபடியும் கீழே இறக்கினால் சரியாகிவிடும்" என்றாராம். இந்தப் பேச்சு நம் குளியாட்களிடம் நெடுநாளாக உண்டு. இன்னொருவர், "கை விழுந்தவனைத் தண்ணீரில் இறக்கினால் மூழ்கிச் செத்துப் போவான்" என்று தடுத்துவிட்டார். அந்தப் பெரியவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

கரைக்கு வந்து சேர்வதற்குள் கை சற்றே அசைந்தது. நண்பகலில் எழுந்து உட்கார்ந்தான், கஞ்சி குடித்தான். "அல்ஹம்துலில்லாஹ், கண்டம் கழிந்தது" என்று நாங்கள் மகிழ்ந்தோம். உம்மா தைலம் தேய்த்துப் படுக்க வைத்தார். தெளிந்து வருவது போலத் தோன்றிப் பிறகு மீண்டும் மோசமாவது இந்த நோயில் நடக்கக் கூடியது என்பது எங்களுக்குத் தெரியாது. நள்ளிரவில் அவன் மனைவி அலறினாள். பேச்சு முற்றிலும் நின்றிருந்தது. வலப் பக்கம் மரக்கட்டையாகக் கிடந்தது.

108 ஆம்புலன்சில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். புறப்படும்போது சம்மாட்டியின் ஆள் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், கம்ப்ரஸர் என்று சொல்லிவிடாதீர்கள். விசாரணை, போலீஸ் என்று ஆகும். படகுக்குத் தடை வந்தால் பத்துக் குடும்பம் பட்டினி கிடக்கும். வீட்டில் மயங்கி விழுந்தான் என்று சொல்லுங்கள். வைத்தியம் ஒன்றுதானே?" என்றார்.

வைத்தியம் ஒன்றுதானே என்று நானும் எண்ணினேன். சேர்க்கைச் சீட்டில் என்ன நடந்தது என்று கேட்டிருந்த இடத்தில், "இரவு வீட்டில் மயங்கி விழுந்தார்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று கற்பித்த கையே அதை எழுதியது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை. பெரிய அடைப்பும் தெரியவில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாகவே இருந்தன. 32 வயதில் இது ஏன் என்று டாக்டர்கள் குழம்பினார்கள். விடியற்காலையில் பணிக்கு வந்த ஓர் இளம் பெண் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, "இவர் என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்டார்.

"சங்கு குளிக்கிறார்" என்றேன்.

"நேற்றுக் கடலில் இறங்கினாரா?"

நான் பேசாமல் நின்றேன். தஸ்பீஹுடன் சுவரோரம் அமர்ந்திருந்த உம்மா எழுந்து வந்தார். "இறங்கினான், அம்மா. குழாய் போட்டுத்தான் இறங்கினான். காற்று நின்று போச்சு. தம் அடக்கி மேலே வந்தான். வந்ததும் விழுந்துட்டான். இதெல்லாம் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. என் பிள்ளை பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்போது எனக்கு எந்தப் படகும் பெரிசில்லை" என்றார்.

அந்த டாக்டரின் முகம் மாறிவிட்டது. முதல் வேலையாக முழு வேகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை வைக்கச் சொன்னார். தலையணையை எடுத்துவிட்டு அவனைச் சமமாகப் படுக்க வைத்தார். பிறகு யாருக்கோ தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து என்னிடம், "மேடம், இவருடைய மூளையில் காற்றுக் குமிழிகள் அடைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஸ்கேனில் அவை தெரியாமலும் போகலாம். இதற்கு மருந்து மாத்திரையால் முடியாது. அழுத்த அறையில் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். அந்த வசதி இங்கே இல்லை. சென்னைக்குப் போக வேண்டும்" என்றார்.

அவர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து விளக்கியதை நான் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

நாம் தரையில் நிற்கும்போது நம்மீது காற்று மண்டலத்தின் அழுத்தம் ஒரு மடங்கு இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் இன்னொரு மடங்கு கூடுகிறது. 12 மீட்டரில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல் 2.2 மடங்கு. அந்த ஆழத்தில் குழாய் வழியாக ஒருவர் 5 லிட்டர் காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், வழி நெடுக அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று விரிந்துகொண்டே போகும். நீர் மட்டத்திற்கு வரும்போது அது 11 லிட்டர் இடத்தைக் கேட்கும். நெஞ்சில் அவ்வளவு இடம் ஏது? நுரையீரலின் மெல்லிய அறைகள் கிழிகின்றன. காற்று இரத்தக் குழாய்க்குள் புகுந்து, இதயத்தின் இடப் பக்கத்திற்கு வந்து, அங்கிருந்து கழுத்துத் தமனி வழியாக மூளைக்கு ஏறிவிடுகிறது. அங்கே குமிழி குமிழியாக நின்று இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. குழாயின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. அதனால்தான் குமிழி சற்று நகர்ந்ததும் நோயாளி தெளிவது போலத் தெரிந்தாலும், பிறகு வீக்கம் வந்து மீண்டும் விழக் கூடும்.

"எங்கள் பாட்டனார் ஆயுள் முழுவதும் மூச்சை அடக்கித்தானே மேலே வந்தார்? அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டேன்.

"அவர் மூச்சை எங்கே இழுத்தார்? மேலேதானே?" என்றார் டாக்டர். "தரையில் இழுத்த 5 லிட்டர் கீழே போகும்போது சுருங்குகிறது, மேலே வரும்போது பழையபடி 5 லிட்டர்தான் ஆகிறது. உங்கள் தம்பி கடலின் அடியில் மூச்சை இழுத்தார். அதை அடக்கக் கூடாது. மேலே வர வர விட்டுக்கொண்டே வர வேண்டும்."

என் நெஞ்சில் ஆணி அடித்தது போல் இருந்தது அந்தச் சொல். எங்கள் குடும்பம் பெருமையாகக் கருதிய வித்தை, குழாய் வந்த அன்றே ஆபத்தாக மாறிவிட்டது. பாட்டனார் சொன்னதில் தவறில்லை. அவர் காலத்துக் கருவிக்கு அது சரி. கருவி மாறியபோது விதியும் மாறிவிட்டது என்பதை எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. கட்டிலில் பதினோரு ஆண்டுகள் கிடந்த பெரிய வாப்பாவின் முகம் அப்போது என் கண் முன் வந்தது.

குழாய்க் குளிப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அதிக நேரம் இருப்பவரின் இரத்தத்திலும் தசையிலும் அது அழுத்தத்தால் கரைந்து சேர்கிறது. வேகமாக மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியைப் போல அது நுரைத்துக் குமிழியாகிவிடும். மூட்டு வலி, மரத்துப் போதல், கால் விழுதல் எல்லாம் இதனால் வரும். எங்கள் கரையில் குளியாட்கள் பலர் "மூட்டுப் பிடிப்பு" என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வதில் இதுவும் கலந்திருக்கக் கூடும்.

இது நம் கரைக்கு மட்டும் வந்த துன்பமன்று. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து புரூக்ளின் பாலத்தைக் கட்டியபோது, ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். மேலே வந்ததும் பலர் முடங்கினார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இந்நோய்க்கு ஆளாகிப் படுக்கையில் விழுந்தார். அவருடைய மனைவி எமிலி, கணவருக்கும் பணியாளர்களுக்கும் இடையே தூது நின்று, பொறியியலையும் கற்று, 1883-இல் பாலம் திறக்கும் வரை உதவினார். குற்றவாளி நைட்ரஜன் குமிழியே என்பதை பால் பெர்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஹட்சன் ஆற்றின் அடியில் சுரங்கம் தோண்டியபோது, எர்னஸ்ட் மோயர் என்ற பொறியாளர், முடங்கியவர்களை மீண்டும் அழுத்தத்தில் வைத்து மெதுவாக வெளிக்கொணர ஓர் இரும்பு அறையை அமைத்தார். அது 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. அந்த அறையின் வழித்தோன்றலிடம்தான் என் தம்பியை நாங்கள் கொண்டு செல்ல வேண்டியிருந்தது.

துபாயிலிருந்த என் மச்சான் செய்தி கேட்டதும், "மதுரையிலிருந்து விமானத்தில் ஏற்றுங்கள், பணம் நான் அனுப்புகிறேன், ஒன்றரை மணி நேரத்தில் சென்னை" என்றார். எங்களுக்கும் அதுவே சரியென்று தோன்றியது. டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பயணிகள் விமானத்தினுள் உள்ள அழுத்தம், சுமார் 2,000 மீட்டர் உயர மலை மீது இருப்பதைப் போன்றது. அழுத்தம் குறைந்தால் மூளையிலுள்ள குமிழி பெரிதாகும். "பத்து மணி நேரம் ஆனாலும் தரை வழியே போங்கள். ஆக்ஸிஜன் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது" என்றார். மாற்றுச் சிலிண்டர்களுடன் காலை ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் புறப்பட்டது. சுமார் 600 கிலோ மீட்டர் வழி. உம்மா ஓதிக்கொண்டே வந்தார். நான் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அழுத்த அறை என்றதும் நான் எதையோ கற்பனை செய்திருந்தேன். நேரில் பார்த்தபோது அது படுக்க வைத்த பெரிய இரும்புப் பீப்பாய் போல இருந்தது. வட்டமான கண்ணாடிச் சன்னல்கள், கனத்த கதவு, உள்ளே கட்டிலும் இருக்கைகளும். ஒரு நர்ஸும் உடன் அமர்ந்துகொள்கிறார். உள்ளே போகுமுன் தம்பியின் உடலில் உம்மா தேய்த்திருந்த தைலத்தையும், சட்டையில் தடவியிருந்த அத்தரையும் சோப்புப் போட்டுத் துடைத்தெடுத்தார்கள். ஆக்ஸிஜன் மிகுந்த இடத்தில் எண்ணெயும் நறுமணத் தைலமும் தீயை வரவழைக்கும். பருத்தி உடை மட்டுமே அனுமதி. கைபேசி, கைக்கடிகாரம், தீப்பெட்டி எதுவும் கூடாது.

கதவை மூடி உள்ளே காற்றை அழுத்தினார்கள். 18 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமமாக, அதாவது 2.8 மடங்கு அழுத்தம் வரை ஏற்றினார்கள். கடலில் இறங்காமலே என் தம்பி மறுபடியும் கடலுக்குள் போனான். அந்த அழுத்தத்தில் குமிழி, முன்பிருந்த அளவில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகமாகச் சுருங்குகிறது. முகமூடி வழியாக நோயாளி தூய பிராண வாயுவை மட்டும் சுவாசிப்பதால், குமிழிக்குள் உள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறுகிறது. மூன்றாவதாக, இரத்தத்தின் நீர்ப் பகுதியிலேயே பிராண வாயு ஏராளமாகக் கரைந்து, அடைப்புக்கு அப்பால் பட்டினி கிடக்கும் மூளைப் பகுதிக்கும் போய்ச் சேர்கிறது. வீக்கமும் வற்றுகிறது.

பிராண வாயுவும் அளவு மீறினால் நஞ்சாகும், வலிப்பு வரலாம். எனவே 20 நிமிடம் ஆக்ஸிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஒரு முறைக்கு ஐந்து மணி நேரத்திற்குச் சற்றே குறைவாக ஆகிறது. என் தம்பி அறைக்குள் போனபோது மாலை ஏழு மணி. அவன் விழுந்து 34 மணி நேரம் கடந்திருந்தது. "முதல் சில மணி நேரத்தில் வந்திருந்தால் நல்லது. தாமதமானாலும் பலன் கிடைப்பது உண்டு. முயன்று பார்ப்போம்" என்றுதான் டாக்டர் சொன்னார். என் கையொப்பமிட்ட பொய் அதில் எத்தனை மணி நேரத்தைத் தின்றது என்று நான் கணக்குப் பார்த்தேன். விழுந்த அன்று கரைக்கு வந்ததுமே உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், அன்று இரவே சென்னையில் இருந்திருப்போம்.

மூன்றாம் மணி நேரத்தில் சன்னல் வழியாகப் பார்த்த நர்ஸ் என்னை அழைத்தார். தம்பியின் வலக் கை விரல்கள் போர்வையின் மேல் அசைந்துகொண்டிருந்தன. அவன் தஸ்பீஹ் மணியை உருட்டுவது போல அசைத்தான். உம்மா அங்கேயே ஸஜ்தாவில் விழுந்தார்.

அழுத்தத்தைக் குறைத்து வெளியே கொண்டுவரும் நேரத்தில் உள்ளிருந்த நர்ஸ் அவனிடம், "இப்போது மேலே வருகிறோம். மூச்சை அடக்காதீர்கள். சாதாரணமாக இழுத்து விட்டுக்கொண்டே இருங்கள்" என்று சொன்னாராம். அதைக் கேட்டு அவன் அழுதுவிட்டான். வெளியே வந்ததும் குழறிய நாக்கோடு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "லாத்தா, இதை அப்பவே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஐந்து முறை அறைக்குள் வைத்தார்கள். பதினெட்டாம் நாள் ஊர் திரும்பினோம். செலவுக்கு என் வளையல்களும் போயின. ஜமாஅத்தார் பைத்துல் மாலிலிருந்து உதவினார்கள். இன்று தம்பி நடக்கிறான், பேசுகிறான். களைத்துப் போனால் வலக் காலை இழுத்து வைப்பான்; வலக் கைச் சுண்டு விரலும் மோதிர விரலும் இன்னும் சற்று மரத்தே இருக்கின்றன. இனிக் கடலில் இறங்கக் கூடாது என்று டாக்டர்கள் தடை விதித்துவிட்டார்கள். வலை பின்னுகிறான், அவன் மனைவி தையல் வேலை செய்கிறாள். முன்பு வந்த வருமானத்தில் பாதிகூட இல்லை. "மைனி, பாதிச் சோறு போதும், முழு மனுஷன் இருக்கிறாரே" என்று அவள் சொல்லும்போது என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

சம்மாட்டியிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று எண்ணினேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டார். இப்போது அவருடைய படகில் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரும் முகமூடியும் இருக்கின்றன. மாலை நேரங்களில் என் தம்பி கரையில் அமர்ந்து, புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களிடம் பேசுகிறான். பாட்டனார் எங்களுக்கு மூச்சை அடக்கக் கற்றுக்கொடுத்த அதே கிணற்றடியில், அவன் மூச்சை விடக் கற்றுக்கொடுக்கிறான். ஒரு பலூனில் பாதி காற்றடைத்து, "இது ஆழத்தில் உன் நெஞ்சு" என்பான். பிறகு வெடிக்கும் வரை ஊதிக் காட்டுவான். பையன்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

கடலோரத்தில் வாழும் சகோதர சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது சிலவே. குழாயில் மூச்சு இழுப்பவர் மேலே வரும்போது ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது; மெதுவாக, விட்டுக்கொண்டே வர வேண்டும். மேலே வந்ததும் மயக்கமோ, கை கால் மரப்போ, பேச்சுக் குழறலோ, பார்வை மங்கலோ இருந்தால், சற்றுத் தெளிந்தாலும் நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சமமாகப் படுக்க வைத்து, கிடைக்கும் இடத்திலிருந்தே ஆக்ஸிஜன் கொடுக்கச் செய்ய வேண்டும். மறுபடியும் கடலில் இறக்கக் கூடாது. விமானத்தில் ஏற்றுவதை டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. அழுத்த அறைகள் நம் நாட்டில் சில பெரிய நகரங்களிலும் கடற்படை மருத்துவமனைகளிலுமே இருக்கின்றன. ஆகவே எங்கே இருக்கிறது, தொலைபேசி எண் என்ன என்பதைத் தொழிலுக்குப் போகுமுன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்குப் போகாத வீடுகளுக்கும் இது தொடர்பில்லாத செய்தியன்று. இதய அறுவைச் சிகிச்சையின்போதோ, பெரிய இரத்தக் குழாயில் செருகிய குழாயை எடுக்கும்போதோ, அரிதாகக் காற்று உள்ளே புகுந்து இதே துன்பம் நேரக் கூடும். அதற்கும் இந்த அறையே பயன்படுகிறது. புகை மூட்டத்தில் நச்சுக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கும், சர்க்கரை நோயால் ஆறாத சில கால் புண்களுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் எல்லா நோயும் இதில் தீரும் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். உரிய டாக்டர் சொன்னால் மட்டுமே போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். யார் தடுத்தாலும் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் உம்மா சொன்ன நான்கு வரி உண்மைதான் என் தம்பியைக் காப்பாற்றியது. படித்த நான் எழுதிய ஒரு வரிப் பொய் அவனை இழக்க வைத்திருக்கும்.

உம்மா இப்போது இல்லை. சென்ற ஆண்டு இறையடி சேர்ந்தார். கடைசி நாட்களில் மூச்சு வாங்கியபோது தம்பிதான் தலைமாட்டில் அமர்ந்து ஆக்ஸிஜன் முகமூடியைப் பிடித்திருந்தான், மரத்த விரல்களுள்ள அந்த வலக் கையால். வல்ல நாயன் அவர்களுடைய மண்ணறையை ஒளியாக்கி வைப்பானாக! கடலை நம்பி வாழும் நம் பிள்ளைகள் அனைவரையும் நலமாகக் கரை சேர்ப்பானாக! ஆமீன்.